கொட்டாம்பட்டியில் இரண்டு வால்வுகள்

மதுரைக்குப் போகிறேன் என்றதும் அலுவலகத்தில் ஆளுக்கொரு எச்சரிக்கை கொடுத்தார்கள். "அங்க யாருகிட்டயும் சத்தமாப் பேசிராதீங்க" என்றார் ஒருவர். "அவங்க சத்தமாப் பேசுனா பயந்துராதீங்க" என்றார் இன்னொருவர். கணக்குப் பிரிவு அக்கா மட்டும் உருப்படியாக ஒன்று சொன்னார்: "வெறும் வயித்தோட போ, கண்ணு."

நான் கோயம்புத்தூரில் பம்பு மோட்டார் செய்யும் ஒரு நிறுவனத்தில் இன்ஜினியர். பரிசோதனைக் கூடத்தில் மோட்டார்களை ஓடவிட்டு, எது எப்போது சூடாகிறது, எது எப்போது நடுங்குகிறது என்று பார்ப்பது என் வேலை. அந்தக் கூடத்தில் மோட்டார்கள் உண்டு, மனிதர்கள் கிடையாது. அதனால் எல்லாமே எதிர்பார்த்தபடி நடக்கும்.

கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரே கிணற்றில் எங்கள் மோட்டார் மறுபடி மறுபடி எரிகிறது என்று புகார் வந்தது. வழக்கமாக வெளியூர் போகிறவருக்குக் காய்ச்சல். "நான் போறேனுங்க" என்று கையைத் தூக்கினேன். தூக்கிய பிறகுதான் உறைத்தது. தனியாகப் போகும் முதல் பயணம், அதுவும் நான் பார்த்தே இராத மதுரைக்கு. அன்று இரவு ஒரு பட்டியல் போட்டேன். மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டர், இன்சுலேஷன் சோதிக்கும் கருவி, டெஸ்டர், தொப்பி, தண்ணீர் பாட்டில். கடைசி வரியில் 'பதற்றப்படாமல் இருப்பது' என்று எழுதி, அதை எந்தப் பையில் வைப்பது என்று தெரியாமல் படுத்துவிட்டேன்.

முதல் நாள் காலை தல்லாகுளத்தில் விடுதியை விட்டு இறங்கியதும் இட்லி. எங்கள் ஊரில் இட்லிக்குச் சட்னி கொடுப்பார்கள். இங்கே சட்னிகளைச் சாப்பிட ஒரு சாக்காக இட்லி கொடுக்கிறார்கள். வெள்ளை, சிவப்பு, பச்சை என்று இலையில் இடம் தீரும் வரை ஊற்றிவிட்டு, பரிமாறுகிறவர் கவலையாகக் கேட்டார்: "இம்புட்டுப் போதுமா தாயி?" நான் போதும் என்றேன். அவர் நம்பவில்லை.

எரிந்த மோட்டார் வில்லாபுரத்தில், கருகிய கம்பிச் சுருளை மாற்றிக் 'காயில்' கட்டும் ஒரு பட்டறையில் இருந்தது. வழி கேட்டேன். மதுரைக்காரர்களைப் பற்றிய என் முதல் கண்டுபிடிப்பு அப்போது நடந்தது. இந்த ஊரில் வழி கேட்டால் தெரியாது என்று யாரும் சொல்வதில்லை. தெரியாது என்பதை ஒரு கெட்ட வார்த்தை போல வைத்திருக்கிறார்கள். டீக்கடையில் ஒருவர் நேரே போகச் சொன்னார், பக்கத்தில் நின்றவர் "அவன் கெடக்கான், லெப்ட்ல போங்க" என்றார். இருவருக்கும் சண்டை வந்தது. மூன்றாவது ஆள் தன் வண்டியை ஸ்டார்ட் செய்து, "பின்னாடியே ஆட்டோவுல வாங்க, நான் காட்டுறேன்" என்று கிளம்பி, தவறான பட்டறைக்குக் கூட்டிப் போனார். அங்கிருந்தவர்கள் அவரைத் திட்டிவிட்டு என்னைச் சரியான இடத்தில் கொண்டுவந்து விட்டார்கள். கோயம்புத்தூரில் இதே கேள்விக்கு, "தெரியலைங்களே" என்று மரியாதையாகப் பதில் வந்திருக்கும். நானும் மரியாதையாகத் தொலைந்து போயிருப்பேன்.

பட்டறையில் எனக்காகக் காத்திருந்தவர் முபாரக் அண்ணன். கொட்டாம்பட்டியில் எங்கள் மோட்டார்களை விற்கும் கடைக்காரர். ஊரில் எல்லோருக்கும் அவர் பாய். பிரித்துப் போட்ட மோட்டாரைக் கையால் காட்டி, "பாருங்க தங்கச்சி, அல்லாஹ் மேல ஆணையா நான் டூப்ளிகேட் விக்கல" என்றார். அதை நான் கேட்கவே இல்லை.

பார்த்ததும் ஒன்று புரிந்தது. சுருள் முழுவதும் ஒரே சீராகக் கருகியிருந்தது. செய்த இடத்தில் தவறு என்றால் ஓர் ஓரத்தில் மட்டும் எரிந்திருக்கும். இது உள்ளே தண்ணீர் நகராமல், நின்ற தண்ணீரிலேயே சுழன்று சுழன்று வெந்துபோன மோட்டார். ஆனால் அப்படி வேகாமல் இருக்கத்தானே, தண்ணீர் நகரவில்லை என்றால் தானாக நின்றுவிடும் ஒரு பாதுகாப்பை ஸ்டார்ட்டரில் வைத்திருக்கிறோம்? அது ஏன் நிறுத்தவில்லை?

"கிணத்தைப் பாக்கணுமுங்க" என்றேன்.

"கிணத்தைப் பாக்கலாம். கிணத்துக்காரங்களப் பாக்கத்தான் தெம்பு வேணும்" என்றார் பாய். "ரெண்டு பங்கு. அண்ணன் ஒண்ணு, தம்பி ஒண்ணு. பேச்சு வார்த்தை கெடையாது. கடலை காய் பிடிக்கிற நேரம். இந்தத் தடவை காயில் கட்டி எறக்கி, மறுபடி எரிஞ்சா ரெண்டு பேருக்கும் வெள்ளாமை போச்சு."

அன்று சாயங்காலம் முள்ளு முருங்கை வடை சாப்பிட்டேன். பூரி போல உப்பி, பச்சை நிறத்தில், மேலே பொடி தூவிக் கொடுத்தார்கள். பிறகு தள்ளுவண்டியில் பருத்திப்பால். பருத்தி விதையில் பால் எடுத்துக் குடிக்கலாம் என்று முதலில் யோசித்தவரை நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருந்தது. எங்கள் ஊரில் பருத்தியைப் பார்த்ததும் மில் கட்டத் தோன்றியது. இவர்களுக்குக் கருப்பட்டி போடத் தோன்றியிருக்கிறது.

இரண்டாம் நாள் பேருந்து. "கொட்டாம்பட்டி நிக்குமுங்களா?" என்றேன். "ஏறு தாயி, பேசிக்கலாம்" என்றார் நடத்துநர். மேலூர் தாண்டித்தான் பேசினார். அது பைபாஸில் நேரே திருச்சி போகும் வண்டி, ஊருக்குள் போகாதாம். நான் கலங்குவதற்குள் வண்டி முழுக்க என் வழக்கை எடுத்துக்கொண்டது.

"பொம்பளப் புள்ளைய ரோட்ல எறக்கி விடுவியா?"

"ஏறும்போதே சொல்ல வேண்டியதான, வாயில என்ன கொழுக்கட்டையா?"

"யோவ், நீ திருச்சிக்குத்தான போற, ஒனக்கு என்னய்யா வந்துச்சு?" என்றார் நடத்துநர்.

"அதுக்காக நியாயம் பேசக் கூடாதா?"

முடிவில் ஓட்டுநர் தானாகவே ஊருக்குள் திருப்பினார். திருச்சிக்குப் போகிறவர்கள் யாரும் தாமதமானதற்கு முகம் சுளிக்கவில்லை. ஒரு நியாயம் கிடைத்த திருப்தியில், முறுக்கு வாங்கித் தின்றார்கள். நான் இறங்கும்போது ஜன்னல் வழியாக ஒருவர் கேட்டார், "எதுக்கு வந்த தாயி?" மோட்டார் பார்க்க என்றேன். "யாரு, ராசாங்கம் கெணறா?" என்றார். அந்தக் கிணறு திருச்சி வரை தெரிந்திருந்தது.

பாயின் வண்டியில் வயலுக்குப் போனோம். சுற்றிலும் சமவெளி, நடுவில் கடலைச் செடிகள் முழங்காலுக்குக் கீழே பச்சையாக. இலைகள் ஓரங்களில் சுருளத் தொடங்கியிருந்தன. தண்ணீர் கேட்கிற இலை எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன். கல் கட்டிய பெரிய கிணறு. அதிலிருந்து ஏறிய குழாய் மேலே வந்து இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் ஒரு வால்வு, அது அண்ணன் ராசாங்கத்தின் வயலுக்கு. வலது பக்கம் ஒரு வால்வு, அது தம்பி சோலைமலையின் வயலுக்கு. ஒரு நாள் அவருக்கு, மறுநாள் இவருக்கு.

இருவரும் வந்திருந்தார்கள். அண்ணன் வேப்பமரத்தடியில், தம்பி தென்னையடியில். ஒரே நெற்றி, ஒரே மூக்கு, கையைக் கட்டிக்கொள்ளும் விதம்கூட ஒன்று. நடுவில் நான்.

"பாப்பா, மோட்டார் எப்ப வருதுன்னு கேளு" என்றார் ராசாங்கம்.

"யாருகிட்டங்க?"

"பாய்கிட்டத்தான். அந்தாளு கேட்டுக்கட்டும்."

"மேடம், நான் கேட்டுட்டேன்னு சொல்லுங்க" என்றார் சோலைமலை.

மின்சாரம் மட்டும் இல்லாத ஒரு ஒயராக அன்று முழுவதும் நின்றேன்.

ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தேன். எங்கள் நிறுவனத்தின் செல்போன் ஸ்டார்ட்டர். வீட்டிலிருந்தோ டீக்கடையிலிருந்தோ அதற்குப் போன் போட்டால் மோட்டார் ஓடும், நிற்கும். விவசாயி இருட்டில் வயலுக்கு நடக்க வேண்டாம் என்று செய்தது. நான் தேடிய பாதுகாப்பு உள்ளே இருந்தது. அதை வேலை செய்ய விடாமல் குறுக்கே ஒரு சிவப்பு ஒயர் கட்டியிருந்தது. அதற்குக் கீழே, அதே இடத்தில், மஞ்சளாக இன்னொன்று. ஒன்றே போதும். இரண்டாவது எதற்கு?

"இதை யாருங்க கட்டினது?"

"நாந்தான் ஆள் வச்சுக் கட்டுனேன்" என்றார் ராசாங்கம்.

"நானுந்தான்" என்றார் சோலைமலை. பிறகு இருவரும் முதல் முறையாக ஒருவரையொருவர் பார்த்து, உடனே வேறு பக்கம் திரும்பினார்கள். அண்ணன் கட்டியது தம்பிக்குத் தெரியாது. தம்பி கட்டியது அண்ணனுக்குத் தெரியாது.

ஏன் என்று கேட்டேன். "போன்ல போட்டுட்டு டீ குடிக்கப் போனா மோட்டாரு நின்னு போகுது. யாரு நிறுத்துறா? எனக்குத் தெரியாதா?" என்றார் சோலைமலை. அவர் பார்வை வேப்பமரத்துக்குப் போயிற்று.

"மெஷினே நிறுத்தினதுங்க. தண்ணி நகரலைன்னா அது தானா நின்னுரும்" என்றேன்.

ராசாங்கம் சிரித்தார். "தானா நிறுத்துமா? அதுக்கு என் மேல என்ன கோவம்?"

பரிசோதனைக் கூடத்தில் இந்தக் கேள்வி வந்ததே இல்லை. யோசித்தால் அவர் பக்கம் நியாயம் இருந்தது. ஒரு காரியம் தானாக நடந்தது என்று நம்புவதற்கு மனிதனுக்கு ஒரு கல்வி தேவைப்படுகிறது. ஒரு ஆள் செய்தான் என்று நம்புவதற்கு எதுவுமே தேவையில்லை. எங்கள் அலுவலகத்திலும் ஏசி நின்றால், யார் அணைத்தது என்றுதான் எல்லோரும் எழுந்து பார்க்கிறோம்.

சரி, தண்ணீர் ஏன் நகரவில்லை? முறை மாறும்போது என்ன செய்வீர்கள் என்று தனித்தனியாகக் கேட்டேன். அண்ணன் சொன்னார்: "என் முறை வந்தா அவன் வால்வ அடைப்பேன், என்னதத் தெறப்பேன். முடிஞ்சதும் என்னதையும் அடைச்சிட்டுப் போவேன்."

"உங்களுதை எதுக்கு அடைக்கணுமுங்க?"

"கூட ஒரு வாளி எடுத்துட்டான்னு ஒரு பேச்சு வந்துரக் கூடாதுல்ல."

தம்பியைக் கேட்டேன். வரி மாறாமல் அதே பதில். ஒரு வாளி என்பதில் மட்டும் வித்தியாசம். அவர் ஒரு சொம்பு என்றார்.

கிணற்று விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொரு முறை மாறும்போதும் இரண்டு வால்வுகளும் அடைத்துக் கிடந்திருக்கின்றன. அடுத்தவர் டீக்கடையிலிருந்தே போன் போட்டுவிட்டு, டீ குடித்த பிறகுதான் தன் வால்வைத் திறக்க வந்திருக்கிறார். தண்ணீர் போக வழியில்லை என்று மோட்டார் நின்றிருக்கிறது. மற்றவர்தான் நிறுத்தினார் என்று நினைத்துப் பாதுகாப்பை ஆளுக்கொரு ஒயரால் கட்டியிருக்கிறார்கள். அப்புறம் அடைத்த குழாயோடு முட்டி முட்டி மோட்டார் வெந்திருக்கிறது. இருவரும் ஒருவரையொருவர் ஒரு சொட்டுக்கூட ஏமாற்றவில்லை. இவ்வளவு நேர்மையால் எரிந்த மோட்டாரை எங்கள் நிறுவனம் பார்த்திருக்காது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காரணம் கிடைத்துவிட்டது! கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். இருவரும் பொறுமையாகக் கேட்டார்கள். பிறகு அண்ணன், "அது சரி. ஆனா அன்னைக்கு நிறுத்துனது அவன்தான்" என்றார்.

மதியம் ராசாங்கம் வீட்டில் சாப்பாடு. நாட்டுக்கோழிக் குழம்பு. எழுந்து கை கழுவும்போது பாய் காதருகே வந்தார். "தம்பி வீட்லயும் இலை போட்டாச்சு. போகலேன்னா நீங்க அண்ணன் கட்சின்னு ஆயிரும். அப்புறம் நீங்க சொல்ற கரண்டு கணக்கு எதுவும் எடுபடாது." நடுநிலை என்பது மனதில் இருப்பது என்று நினைத்திருந்தேன். கொட்டாம்பட்டியில் அது வயிற்றில் இருக்கிறது. சோலைமலையின் மனைவி பஞ்சவர்ணம் அயிரை மீன் குழம்பு ஊற்றினார். "அங்கன என்ன கொழம்பு?" என்று கேட்டார். கோழி என்றேன். "உப்புக் கூடவா?" என்றார். சரியாக இருந்தது என்றேன். "மூத்தவுக வீட்ல கைப்பதம் எப்பவும் நல்லாருக்கும்" என்று சொல்லிவிட்டு, இன்னும் இரண்டு கரண்டி மீனை இலையில் தள்ளினார்.

சண்டையின் காரணத்தைத் திரும்பும் வழியில் பாய் சொன்னார். தம்பி மகள் காதணி விழாவுக்கு மெயின் ரோட்டில் பிளெக்ஸ் வைத்தார்கள். அதில் அண்ணன் படம் கீழ் வரிசையில், தபால்தலை அளவில், மருந்துக்கடைக்காரர் படத்துக்குப் பக்கத்தில் விழுந்துவிட்டது. பிளெக்ஸ் அடித்தவர் செய்த கோளாறு. தம்பி அச்சாவதற்கு முன் பார்க்கவே இல்லை.

"அதை அண்ணன்கிட்டச் சொல்லலாமுல்லங்க?"

"அண்ணன் கேட்டாத்தான சொல்றது? இவன் சொன்னாத்தான அவரு கேக்குறது? நீயத்து, அதான் எண்ணம், ரெண்டு பேருக்கும் நல்ல எண்ணந்தான் தங்கச்சி. மனசுல ஒண்ணும் இல்ல. வாயத் தெறக்கத்தான் ஆளில்ல."

அங்கேயும் அடைத்த வால்வுகள்தான் என்று தோன்றியது. சொல்லவில்லை. வயிறு அவ்வளவு நிறைந்திருந்தது.

மூன்றாம் நாள் காயில் கட்டிய மோட்டார் லோடு ஆட்டோவில் வந்தது. வருகிற வழியில் பஞ்சர். நாங்கள் வெயிலில் நின்றோம், மோட்டார் சாக்கு போர்த்தி நிழலில் படுத்திருந்தது. அதைக் கிணற்றில் இறக்க, கயிற்றின் இரு பக்கமும் ஆள் வேண்டும். அண்ணன் ஒரு பக்கம் பிடித்தார், தம்பி மறுபக்கம். பேசாமல் எப்படி இறக்குவார்கள் என்று பார்த்தேன். அவர்கள் மோட்டாரோடு பேசினார்கள்.

"மெல்ல எறங்கு சாமி, அந்தப் பக்கம் சாயுது பாரு."

"நின்னுக்க, நின்னுக்க. இந்தக் கயிறு வழுக்குது."

சாமி ஒன்றும் சொல்லாமல் பத்திரமாக இறங்கியது.

குறுக்கே கட்டிய ஒயர்களை அறுத்துவிட்டேன். ஆனால் நான் பேருந்து ஏறியதும் மறுபடி கட்டுவார்கள் என்று தெரியும். மோட்டார் நின்றால் சந்தேகம் வரும். சந்தேகம் வந்தால் ஒயர் வரும். ஆகவே இரவு விடுதியில் யோசித்து வைத்ததைச் சொன்னேன். முறை முடிந்தவர் தன் வால்வை அடைத்து, அடுத்தவர் வால்வைத் திறந்துவிட்டு, போனில் ஒரு எண்ணை அழுத்த வேண்டும். ஸ்டார்ட்டர் உடனே அடுத்தவரைக் கூப்பிட்டு, வால்வு திறந்திருக்கிறது என்று சொல்லும். சொன்ன பிறகுதான் அவர் போனுக்கு மோட்டார் ஓடும்.

செய்து காட்டினேன். எங்கள் நிறுவனத்தின் பதிவுக் குரல் இனிமையாகப் பேசியது: "வணக்கமுங்க. உங்கள் வால்வு திறந்திருக்கிறதுங்க."

ராசாங்கம் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். "இது யாரு?"

"எங்க கம்பெனி குரலுங்க."

"எங்கருந்து பேசுது?"

"கோயம்புத்தூருங்க."

"வால்வு இங்கல்ல இருக்கு. கோயம்புத்தூர்ல இருக்குற பொம்பளைக்கு எப்படித் தெரியும் தெறந்திருக்கா இல்லையான்னு?"

"அது நெசந்தான்" என்றார் சோலைமலை, தென்னையைப் பார்த்தபடி. அந்த ஊரில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் என் கருவியின் மேல் அவநம்பிக்கை.

எனக்கு முகம் சூடாகிவிட்டது. ஆனால் அவர் கேட்டது சரியான கேள்வி. திறந்தவர் யாரோ, அவர் குரலைத்தான் நம்ப முடியும். ஸ்டார்ட்டரில் சொந்தக் குரலைப் பதிவு செய்யும் வசதி உண்டு. யாரும் பயன்படுத்தியதில்லை. "அப்ப நீங்களே சொல்லிருங்க. தெறந்தவர் குரலே கேக்கும்" என்றேன்.

ராசாங்கம் வேம்பைப் பார்த்தார், சோலைமலை தென்னையைப் பார்த்தார். பிறகு, "கடலை காயுதுல்ல" என்று பஞ்சவர்ணம் தன் கணவரை முதுகில் தள்ளினார்.

சோலைமலை போனைப் பிடித்துக்கொண்டு, "வால்வு திறந்துள்ளது" என்றார், ரயில் நிலைய அறிவிப்பு போல.

"யாருக்குச் சொல்றீக? தென்னமரத்துக்கா?" என்றார் பஞ்சவர்ணம்.

மறுபடி பதிவு. தொண்டையைச் செருமினார். கிணற்றைப் பார்த்துத் திரும்பி நின்றார். "அண்ணே, வால்வத் தெறந்துட்டேன். போடுண்ணே."

பாய் தலைத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வெயில்தான்.

ராசாங்கம் முறை. போனை வாயருகே வைத்து, "சோலை, தெறந்தாச்சு. போடு" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "இன்னும் நேரம் இருக்கா இதுல?"

"இருக்குங்க, பேசலாம்."

யோசித்தார். "சாப்பிட்டுட்டுப் போடு."

அன்று அண்ணன் முறை. சோலைமலை எழுந்து போய் அண்ணனின் வால்வைத் தன் கையால் திறந்தார். எண்ணை அழுத்தினார். வேப்பமரத்தடியில் போன் அடித்தது. ராசாங்கம் காதில் வைத்துக் கேட்டார். எடுத்து, திரையைத் துடைத்தார்.

"கரகரங்குது பாப்பா. சரியாக் கேக்கல. இன்னொரு வாட்டி போடு."

திரும்ப அழைத்தால் கடைசியாக வந்த செய்தியை அதுவே சொல்லும் என்று காட்டிக் கொடுத்தேன். அவர் அழைத்தார். கேட்டார். அதற்குப் பிறகுதான் மோட்டாரைப் போட்டார். குழாயில் தண்ணீர் குதித்து விழுந்தது. நான் கிளாம்ப் மீட்டரோடு ஓடினேன். அளவுகள் எல்லாம் சரியாக இருந்தன. எனக்கும் கத்த வேண்டும் போலிருந்தது. எச்சரிக்கையை மறந்து சத்தமாகவே கத்தினேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அங்கே அது சாதாரணப் பேச்சு.

இரவு உணவும் இரண்டு வீட்டில்.

கோயம்புத்தூர் திரும்பிச் சில வாரங்கள் ஆகிவிட்டன. இங்கே யாராவது "தெரியலைங்களே" என்றால் இப்போது எனக்கு லேசாகக் கோபம் வருகிறது. நேற்று வாடிக்கையாளர் சேவைப் பிரிவிலிருந்து ஒரு பெண் என் மேசைக்கு வந்தார்.

"அக்கா, நீங்க போன கொட்டாம்பட்டிக் கிணத்துல ஏதோ பிரச்சினைங்க போல. ரெண்டு நம்பர்ல இருந்தும் ஸ்டார்ட்டருக்குச் சும்மா சும்மா போன் போகுதுங்க. மோட்டாரைப் போடறதில்ல, நிறுத்தறதில்ல. கரண்டு இல்லாத நேரத்துலயும் கூப்பிட்டு, கடைசியா வந்த பதிவைக் கேட்டுட்டு வச்சிடறாங்க. சர்வீஸுக்கு ஆள் அனுப்பட்டுங்களா?"

"வேண்டாமுங்க" என்றேன். "நல்லா வேலை செய்யுது."